தொலைநோக்கியில் கோள்கள், கையில் பாக்கெட் கேமரா: வாசகர் கேள்விகள்

கே: ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) வழியாகப் பார்த்தால் வியாழனின் இரண்டு பட்டைகளும் தெரிகின்றன. அதே ஐபீஸில் கேமராவை வைத்து எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் விழுகிறது. ஏன்?

ப: ஆட்டோ எக்ஸ்போஷர் செய்யும் வேலை அது. படத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் கருப்பு வானம். எல்லாம் இருட்டு என்று நினைத்துக் கேமரா ஷட்டரை அரை நொடிவரைகூடத் திறந்து வைக்கும், வியாழன் வெளுத்துப்போகும். மேனுவல் மோடு இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200-ல் வியாழனுக்கு 1/60 நொடி, சனிக்கு 1/20, செவ்வாய்க்கு 1/125, வெள்ளிக்கு 1/800 என்று தொடங்குங்கள். இவை எஃப்/10-க்கான அளவுகள்; எஃப் எண் என்பது மொத்தக் குவியத் தூரத்தைத் தொலைநோக்கிக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது. அதன் கணக்கு அடுத்த பதிலில். மேனுவல் இல்லாத கேமராவில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை −2-க்கு இறக்குங்கள். திரையில் கோள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஃபிளாஷை அணைத்துவிட்டு 2 நொடி டைமரில் எடுங்கள். பட்டனை அழுத்தும் விரலே குழாயை ஆட்டிவிடும்.

கே: என்னுடையது 150 மி.மீ. விட்டக் கண்ணாடி கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத் தூரம் 1200 மி.மீ. படத்தைச் சுற்றிக் கருப்பு வளையம் வருகிறது. எந்த ஐபீஸ், எவ்வளவு ஜூம் வைக்க வேண்டும்?

ப: ஜூமே இல்லாமல் எடுப்பதால்தான் வளையம். ஆப்டிகல் ஜூமை நடுவரை கொண்டுபோனால் பெரும்பாலும் மறைந்துவிடும். கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்க முடிகிற ஐபீஸ்தான் கேமராவுக்கு ஏற்றது. 6 மி.மீ. பிளாஸில் வகை ஐபீஸ் போன்றவற்றில் கண்ணை ஒட்டிவைக்க வேண்டியிருக்கும். கேமரா லென்ஸால் அவ்வளவு கிட்டே போக முடியாது.

கணக்கு எளிது. 12 மி.மீ. ஐபீஸ் உங்கள் குழாயில் 100 மடங்கு தரும். கேமரா லென்ஸின் குவியத் தூரம் 15 மி.மீ. என்றால் மொத்தம் 100 × 15 = 1500 மி.மீ.; அதை 150-ஆல் வகுத்தால் எஃப்/10. பெட்டியில் போட்டிருக்கும் '24–120' என்பது 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடான எண், இங்கே உதவாது. லென்ஸ் வளையத்தில் பொறித்திருக்கும் சிறிய எண்களைப் பாருங்கள். பிக்சல் அளவு 1.5 மைக்ரான் என்றால், 45 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) அகல வியாழன் இந்த அமைப்பில் சுமார் 220 பிக்சலுக்கு விழும். 150 மி.மீ. கண்ணாடியால் காட்ட முடிந்த நுட்பத்துக்கு அது தாராளம். ஜூமை முழுக்க இழுத்து எஃப்/30 ஆக்கினால் படம் மூன்று மடங்கு பெரிதாகும், வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகும். புது விவரம் ஒன்றும் சேராது. பெரிதாக்கும் ஆசையில் கெட்ட படங்கள்தான் அதிகம்.

ஓர் எச்சரிக்கை: ஜூம் செய்யும்போது சில லென்ஸ்கள் வெளியே நீண்டு ஐபீஸில் இடிக்கும். முதலில் கேமராவை ஆன் செய்து, ஜூம் வைத்து, பிறகு அடாப்டரில் (கேமராவை ஐபீஸோடு பிடித்து வைக்கும் கருவி) பொருத்துங்கள். ஆட்டோ பவர்-ஆஃபையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கோளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும் நேரம் பார்த்து லென்ஸ் உள்ளே போய்விடும்.

கே: ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

ப: கேமராவை மலைச் சின்னத்தில், அதாவது முடிவிலியில் பூட்டிவிடுங்கள். மீதி ஃபோகஸ் எல்லாம் தொலைநோக்கியின் குமிழில். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டே முதலில் கண்ணால் ஃபோகஸ் செய்யுங்கள். கேமரா வைத்தபின் திருத்தம் கொஞ்சமாகவே இருக்கும். வியாழனின் விளிம்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காற்றில் அது எப்போதும் துடிக்கும். பக்கத்து நிலவு ஒன்று மிகச் சிறிய புள்ளியாகும் இடம்தான் சரியான இடம்.

கே: படமா, வீடியோவா? என் டாப்சோனியனில் (கையால் திருப்பும் எளிய தாங்கியில் நிற்கும் தொலைநோக்கி) மோட்டார் இல்லை.

ப: வீடியோதான். காற்று ஒரு கணம் அடங்கும், அடுத்த கணம் குழம்பும். நல்ல ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவதில்தான் படம் தேறுகிறது. மேலே சொன்ன அமைப்பில் கோள் திரையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். ஓர் ஓரத்தில் நிறுத்திக் கையை எடுங்கள், குழாயின் ஆட்டம் அடங்கட்டும், மறு ஓரம் வரை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று துண்டுகள். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் கோள். 2 நிமிடத்துக்குள் அதன் நடுப்பகுதி அரை ஆர்க்செகண்ட் நகர்ந்துவிடும் என்பதால் அதற்கு மேற்பட்ட பதிவை ஒரே அடுக்கில் சேர்க்காதீர்கள். கேமராவின் எடையில் குழாயின் முன்பக்கம் தாழ்ந்தால், கண்ணாடி இருக்கும் அடிப்பக்கத்தில் காந்தம் ஒட்டிச் சமன் செய்யலாம், குழாய் இரும்பாக இருந்தால்.

1080 வீடியோவில் கேமரா முழு சென்சாரையும் சுருக்கிப் பதிவதால் அந்த 220 பிக்சல் ஏறக்குறைய பாதியாகிவிடும். டிஜிட்டல் ஜூம் 2 மடங்கு வைத்தால் சில கேமராக்கள் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் அப்படியே பதியும், நட்டமில்லை, லாபம்தான். உங்கள் கேமரா எந்த ரகம் என்று பகலில் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள்.

கணினியில் பிப் மென்பொருள் கோளை நடுவில் நிறுத்தி ஏவிஐ ஆக்கித் தரும். ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் சிறந்த 20 சதவீத ஃபிரேம்களை அடுக்குங்கள். ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட் என்னும் கூர்மையாக்கும் பகுதியில் கூர்மை ஏற்றுங்கள். விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி வளையம் எழுந்தால் கை மீறிவிட்டது, குறையுங்கள்.

கே: மொட்டை மாடியில் சனி கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிகிறது.

ப: பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவில் சூட்டைக் கக்குகிறது. தரையோ புல்லோ கிடைத்தால் அங்கே வையுங்கள். மாடிதான் கதி என்றால் நள்ளிரவுக்குப் பின். குழாயை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். கோள் தாழ இருக்கும்போது ஒரு விளிம்பு நீலமாகவும் மறு விளிம்பு சிவப்பாகவும் பிரிவதும் காற்றின் வேலையே. இதில் நமக்கு அதிர்ஷ்டம்: சென்னை 13 பாகையில் இருப்பதால் வியாழனும் சனியும் உச்சிக்கு வரும்போது 50 பாகைக்குக் கீழே இருப்பதில்லை. லண்டனில் சில ஆண்டுகள் 15 பாகையோடு சரி.

கே: வியாழனும் நான்கு நிலவுகளும் ஒரே படத்தில்?

ப: இரண்டு படமாக எடுங்கள். கோளுக்கு 1/60, நிலவுகளுக்கு 1/8. பிறகு ஒட்டுங்கள்.

கே: வெள்ளியின் பிறையைப் பகலிலேயே எடுக்கலாமா?

ப: சூரியன் முழுக்க மறைந்த பிறகு, வானம் வெளுப்பாக இருக்கும்போதே எடுங்கள், கூச்சம் குறைந்து பிறை தெளிவாக விழும். சூரியன் மேலே இருக்கையில் வெள்ளியையோ புதனையோ தேடிக் குழாயைத் திருப்ப வேண்டாம். ஒரு நொடி சூரியன் உள்ளே வந்தாலும் கண் போகும், சென்சாரும் போகும்.