பழகிடுமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. இருபது வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தே வேலை பார்த்தவன். போன வருஷம் ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. எட்டு மாதம் விண்ணப்பம் போட்டு ஓய்ந்து, இப்போது சிங்கப்பூரில் சாங்கி பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் இரவு ஷிஃப்ட். கன்வேயரில் வருவதை ஸ்கேன் செய்து பேலட் பலகையில் அடுக்க வேண்டும். கன்டெய்னர் வந்தால் உள்ளே போய் இறக்க வேண்டும். மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் படுக்கையிலிருந்து எழவே முடியவில்லை. இப்போது தொடைவலியும் முதுகுவலியும் குறைந்துவிட்டன. ஆனால் தூக்கத்தில் வலக்கை விரல்கள் மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தம்பிகளுக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு வேகம். "பழகிடும்ணே" என்கிறார்கள். பழகிடுமா? இல்லை, இந்த வயதில் இது முட்டாள்தனமா? அம்மாவிடம் "லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் உறுத்துகிறது.

பெயர் வேண்டாம்,
தெம்பனிஸ்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் விரல். தூக்கத்தில் மரத்துப்போகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதோ என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் சந்தேகம் கூடும். இது பழகுகிற சங்கதி இல்லை. அடுத்த ஓய்வுநாளுக்குள் பாலிகிளினிக் போங்கள். என்ன வேலை, ஒரு இரவில் எத்தனை மணிநேரம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் படித்தாலும் சரி.

"பழகிடும்" என்பதை நம் ஆட்கள் எதற்குத்தான் சொல்வதில்லை! என்எஸ் என்கிற தேசிய சேவைக்குப் போகிற பையனுக்கும் அதுதான், தாத்தாவின் புதுப் பல்செட்டுக்கும் அதுதான். கிடங்கு வேலையில் அது பாதி உண்மை. தசை பழகும். பழக்கமில்லாத வேலையின் வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். சில வாரங்களில் அதே வேலைக்கு அவ்வளவு வலி வராது. உங்கள் தொடைக்கு நடந்தது இதுதான். ஆனால் தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் அந்த வேகத்தில் உறுதிப்படாது, அதற்கு மாதக்கணக்காகும். அதனால் நீங்கள் கடந்து வந்த முதல் வாரத்தைவிட இனி வரும் வாரங்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். அப்போது வலியே உங்களைக் கட்டிப்போட்டிருந்தது. இப்போது உடம்பு தெம்பாகத் தெரியும், ஓடி (ஓவர்டைம்) செய்கிறாயா என்று கேட்டால் தலை தானாக ஆடும், தம்பிகளோடு போட்டி போடத் தோன்றும்.

எனக்கு முதுகு போனது ஆறாவது வாரத்தில். 1990களில், இரண்டு வேலைகளுக்கு நடுவே, ஜூரோங்கில் ஒரு கிடங்கில் சில மாதம் பெட்டி தூக்கினேன். பிடித்துக்கொண்ட அன்று கையில் இருந்தது டிஷ்யூ பேப்பர் பெட்டி. கனமான பெட்டிக்குத்தானே நாம் மரியாதை கொடுக்கிறோம்? கால் ஊன்றியபடி இருக்க, இடுப்பை மட்டும் திருப்பி வீசினேன். நிமிர முடியவில்லை. தினக்கூலி போய்விடுமே என்று குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னேன். நான் செய்த முட்டாள்தனங்களில் முதல் ஐந்துக்குள் வரும் அது.

அங்கே ஐம்பது தாண்டிய ஒரு மலாய்க்காரர் இருந்தார். எங்களைப் பார்த்து "பெலான், பெலான்" என்பார். மெதுவாக. சோம்பேறி என்று நினைத்திருந்தேன். முதுகு பிடித்த பிறகுதான் அவரை உட்கார்ந்து கவனித்தேன். எடுப்பதற்கு முன் பெட்டியை ஒரு மூலையில் சாய்த்துக் கனம் பார்ப்பார். வயிற்றோடு ஒட்டுமளவு இழுத்த பிறகே தூக்குவார். திரும்புகையில் இடுப்பு திரும்பாது, பாதம் இரண்டு சின்ன எட்டு வைக்கும். கனமானவை இடுப்பு உயரத்தில், லேசானவை மேலே. கன்டெய்னருக்குள் மேல்வரிசையை எட்டிப் பிடிக்கவே மாட்டார், காலுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு ஏறுவார். ஷிஃப்ட் முடிவில் எண்ணினால் அவர் அடுக்கியதும் எங்களுடையதும் ஏறக்குறைய சமம். விழுந்ததை மறுபடி அடுக்கும் வேலை அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

அவர் உடம்பால் அறிந்ததற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்க ஏற்ற எடை 23 கிலோதான். பெட்டி உடம்பைவிட்டுத் தள்ளிப்போனால், இடுப்பு முறுகினால், நிமிடத்துக்கு இத்தனை என்று அடிக்கடி தூக்கினால் அந்த 23 மளமளவென்று இறங்கும். உங்கள் வேலையில் இந்த மூன்றும் உண்டு. ஆகவே தம்பிகளின் வேகத்தைப் பார்க்காதீர்கள். கிடங்கில் வயதான ஆள் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பூட்ஸ் பெரிதானாலும் சிறிதானாலும் கால் புண்ணாகும்; ஷிஃப்ட் முடிந்து கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை இருந்தால் பெட்டியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, மணிக்கட்டுக்கு அது நல்லது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த கன்டெய்னர் இரவிலும் அடுப்புதான். தாகம் எடுக்கக் காத்திராமல் குடியுங்கள். பகலில் தூங்க அறையை இருட்டாக்குங்கள், திரைச்சீலைக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் கணக்கர் இல்லை இப்போது, உடலுழைப்புத் தொழிலாளி. அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்குள் என்றால் வாரம் 44 மணிநேரத்துக்கு மேல் ஓடிக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், மாதம் 72 மணிநேரத்துக்கு மேல் ஓடி பொதுவாகக் கூடாது. வேலையில் அடிபட்டு டாக்டர் ஒரே ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தாலும், லைட் டியூட்டி எழுதினாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதெல்லாம் நீங்கள் ஊழியராக இருந்தால்தான். ஏஜென்சி வழியாகப் போயிருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்: நீங்கள் ஊழியரா, சுயதொழில் செய்பவரா? கணக்குப் பிரிவுக் கண்ணால் படியுங்கள். வலித்தால் அன்றே சொல்லுங்கள். குளியலறைக் கதை வேண்டாம்.

முட்டாள்தனமா என்று கேட்டீர்கள். இல்லை. எட்டு மாதம் விண்ணப்பம் போட்ட ஆள் கிடைத்த வேலைக்குப் போனதில் என்ன முட்டாள்தனம்? ஆறு மாதம் கழித்து ஸ்டாக் கணக்கு, இன்வென்டரி என்று அங்கேயே ஒரு நாற்காலி கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது பெட்டி தூக்கியறியாத கணக்கரைவிட உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும்.

அம்மா விஷயம். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் சட்டைகளில் வலப்பக்கத் தோள்தான் முதலில் கிழியும். 1972 ஜூனில் தஞ்சோங் பகாரில் முதல் கன்டெய்னர் கப்பல் வந்தபோது, இனிமேல் மனுஷன் தூக்க வேண்டியதில்லை என்று பேசிக்கொண்டார்களாம். பெட்டியைத் தூக்கத்தான் கிரேன் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் பெட்டிகளை இன்றைக்கும் நீங்கள்தான் தூக்குகிறீர்கள். படிக்க வைத்த பையன் மறுபடி மூட்டைக்கே போய்விட்டானே என்று நினைப்பாரோ என்று, நானும் ஒன்றரை மாதம் அப்பாவிடம் மறைத்தேன். முதுகு பிடித்த அன்று மறைக்க முடியவில்லை. தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை.

"ஒரு பெட்டிக்கு எத்தன பேருடா நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.