மழையில் இறங்கும் சத்து, கோடையில் ஏறும் உப்பு

கேள்வி: யூரியா போட்டுப் போட்டே மண் புளித்துவிட்டது என்கிறார்கள். யூரியா அமிலமா?

பதில்: இல்லை. இட்ட சில நாட்களுக்குக் குருணையைச் சுற்றியுள்ள மண் காரமாகவே மாறுகிறது. யூரியா அமோனியமாக உடைவதன் விளைவு அது. பிறகு நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கும்போதுதான் அமிலம் பிறக்கிறது. அந்த நைட்ரேட்டைப் பயிர் உண்டால் அமிலத்தின் பெரும்பகுதி சமன்பட்டுவிடும். உண்பதற்குள் பெருமழை வந்து வேருக்குக் கீழே இழுத்துச் சென்றால், கால்சியமும் மக்னீசியமும் கூடவே போய்விடும், அமிலம் மட்டும் மேலே தங்கும். எனவே மூட்டையை மட்டும் திட்டிப் பயனில்லை, உரம் இடும் நாளையும் பார்க்க வேண்டும். அமோனியம் சல்பேட் இன்னும் கடுமையானது: அதே அளவு தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) யூரியாவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அமிலம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இதெல்லாம் பல ஆண்டுகள் வெளியே தெரியாது.

கேள்வி: அப்படியானால் மழைக்கு முன் மேலுரம் (வளரும் பயிருக்கு இடும் உரம்) இடக் கூடாதா?

பதில்: மிதமான மழை நல்லது. யூரியா கரைந்து உள்ளே இறங்கும், அமோனியா ஆவியாகப் பறக்காது. கனமழை என்றால் பொறுத்திருங்கள்.

கேள்வி: நெல் வயலில் எப்போதும் நீர் நிற்கிறதே?

பதில்: அங்கே கதையே வேறு. காற்றில்லாச் சேற்றில் அமில மண்ணும் கார மண்ணும் நடுநிலையை நோக்கி நகரும். ஆனால் நைட்ரேட் வாயுவாகிப் போய்விடும். நைட்ரேட் உரம் வீண். வயலைக் காயவிட்டு அடுத்த பயிர் வைக்கும்போது மணிச்சத்து (பாஸ்பரஸ்) மீண்டும் மண்ணில் பிடிபட்டுக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கோடையில் நிலத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. உர உப்புதானே?

பதில்: உரமும் பங்காளிதான், ஆனால் நான் முதலில் சந்தேகிப்பது பாசன நீரை. ஈரம் ஆவியாகும்போது அடியிலிருக்கும் உப்பு மேலேறுகிறது. கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிந்ததும் எடுத்த மண்ணில் கார அமில நிலை (pH, எண் குறைந்தால் அமிலம் மிகுதி) 6.4. கோடையில் 5.9. ஆறே மாதத்தில் கெட்டுவிட்டதா?

பதில்: பதற வேண்டாம். வறண்ட மண்ணில் தேங்கும் உப்புகளே அளவைக் கீழே காட்டும். மழை கழுவியதும் ஏறும். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், உரமிடுவதற்கு முன், 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து ஒப்பிடுங்கள். கோடை அறிக்கை ஒன்றை மட்டும் நம்பிச் சுண்ணாம்பு கொட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.