சக்கரத்தில் படியும் கரித்தூசி: எந்த பாட்டிலை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

கார் சக்கரம் கறுத்துப்போவது பற்றியே இந்த முறை நிறையக் கேள்விகள். பதில்களில் ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கழுவினால் புதன்கிழமைக்குள் முன் சக்கரம் இரண்டும் கரி பூசினாற்போல் ஆகிவிடுகின்றன. பின் சக்கரங்கள் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நம்பலாம். முன் சக்கரத்தில் இருப்பது டிஸ்க் பிரேக். வார்ப்பிரும்பில் செய்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டை வந்து கவ்விப் பிடிக்கிறது. அப்போது பேடும் தேயும், டிஸ்க்கும் தேயும். அந்தத் தேய்மானம்தான் நீங்கள் பார்க்கும் கரி. பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே போகிறது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக். அங்கே வரும் தூசி டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால்தான் பின் சக்கரம் சுத்தமாகத் தெரிகிறது.

மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜின் பிடிமானத்தில் வண்டியை விட்டால் பிரேக்கும் சூடேறாது, தூசியும் குறையும்.

ஒரு விஷயம் மட்டும் பழக்கமாகச் செய்யுங்கள். கழுவுவதற்கு முன் குனிந்து, இடது முன் சக்கரத்தையும் வலது முன் சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு கறுத்திருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் கன்னங்கரேல் என்று இருந்து, ஓட்டி நிறுத்தியதும் புறங்கையை அருகில் கொண்டுபோனால் அந்தப் பக்கம் மட்டும் அனல் அடித்தால், பேடை அழுத்தும் பிடியான கேலிப்பர் இறுகிப்போய் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் இதே ரகம். தூசியோடு ஈரப்பசையான எண்ணெய்க் கோடு தெரிந்தால் பிரேக் ஆயிலோ கிரீஸோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வாட்டர் வாஷுக்கு விட்டுவிட்டு வந்து பார்த்தால் இந்தத் தடயம் எதுவும் இருக்காது.

கழுவுவதற்குப் பெரிய செலவே வேண்டாம். சக்கரம் ஆறியிருக்க வேண்டும், வண்டி நிழலில் நிற்க வேண்டும். முதலில் தண்ணீரை மட்டும் அடித்து மேல் தூசியைப் போக்குங்கள். பிறகு கார் ஷாம்பு கரைத்த தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். ஒரு சக்கரத்தை முடித்து அலசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சக்கரத்துக்கென்று தனி பக்கெட், தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்வது இரும்புத் துகள். அதே துணியால் பானெட்டைத் துடைத்தால் வெயிலில் தெரியும் அந்த வட்ட வட்டக் கீறல் எல்லாம் நீங்களே போட்டதாகிவிடும். ஸ்போக்கின் பின்பக்கமும் வீல் நட் குழிகளும் எல்லோரும் விட்டுவிடும் இடங்கள். ஒரு பழைய பெயின்ட் பிரஷ் அங்கே நன்றாக நுழையும். போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் கடைசியில் துணியால் ஒற்றி எடுக்காமல் விட்டால் உப்புக் கறை வெள்ளைப் பொட்டாகக் காய்ந்துவிடும்.

வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் அடுத்த கேள்வியில் வரும் பாட்டிலுக்கு அவசியமே வராமல் போகலாம். சூடாகப் பறந்து வரும் இரும்புத் துகள் ரிம்மின் மேல்பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. மழையும் பனியும் பட்டால் அங்கேயே துருப்பிடிக்கிறது. விரல் நுனியால் தடவினால் சொரசொரவென்று செம்பழுப்புப் புள்ளிகள் தட்டுப்படும். அந்த நிலைக்குப் போனபின் ஷாம்புவுக்கு அது அசையாது.

கேள்வி: என் அலாய் வீலில் நீங்காத பழுப்புப் புள்ளிகள். ஆன்லைனில் 'அயர்ன் ரிமூவர்' என்று ஒன்று, 'வீல் கிளீனர்' என்று இன்னொன்று, விலையில் ஏக வித்தியாசம். பக்கத்து வீட்டு அண்ணன் டாய்லெட் கிளீனர் ஊற்றித் தேய்க்கிறார், பளபளவென்று வருகிறது. எதை வாங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: அண்ணனிடம் இன்றைக்கே சொல்லி நிறுத்துங்கள். டாய்லெட் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலாய் வீல் என்பது அலுமினியம். அதன் மேல் பிரைமர், நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று அடுக்கு அடுக்காக இருக்கிறது. பிளாட்ஃபார ஓரத்தில் உரசி, அந்தப் பூச்சு கொஞ்சம் பெயர்ந்த இடம் எந்த வண்டியிலும் இருக்கும். அமிலம் அங்கே புகுந்து அலுமினியத்தை அரிக்கும். தெறிப்பது டிஸ்க்கிலும் வீல் நட்டிலும் பட்டு அவையும் துருவேறும். முதல் இரண்டு தடவை பளபளப்பு வரும். அதற்கப்புறம் வெளுத்துப்போன திட்டுதான் மிஞ்சும்.

டயமண்ட் கட் வீல் என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதன் முகப்பு கடைசல் மெஷினில் சீவிய வெறும் அலுமினியம். மேலே கிளியர் கோட் மட்டும்தான் காப்பு. அந்தப் பூச்சுக்கு அடியில் ஈரம் இறங்கிவிட்டால் வெள்ளை நூல் ஓடினமாதிரி அரிப்பு பரவும். அதைக் கழுவி எடுக்க முடியாது. பூச்சை நீக்கி மறுபடி கடைசல் பிடிக்க வேண்டும். அடுப்புப் பிசுக்கு எடுக்கும் காஸ்டிக் சோடா ரகமும் இதே கெடுதல் செய்யும், அலுமினியத்தைக் கரைத்தே விடும். அமிலத்தோடு பிளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு வரும் என்பதால் அந்தக் கலவைப் பரிசோதனை யாருக்கும் வேண்டாம்.

அயர்ன் ரிமூவர் வேறு வகை. அதில் தயோகிளைகோலேட் என்ற உப்பு இருக்கிறது. அது இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாகிறது. அழுகிய முட்டை நாற்றம் வரும். பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டப் பயன்படும் லோஷனிலும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு, வாசனையிலேயே தெரிந்துகொள்ளலாம். சக்கரத்தைக் கழுவி, ஆறிய ரிம்மில் தெளித்து மூன்று நான்கு நிமிடம் விட்டால் ஊதாக் கோடுகள் வழிய ஆரம்பிக்கும். மெல்லத் தேய்த்து, காய்வதற்குள் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் அதுவே கறையாகும். இரண்டாவது முறை தெளித்து நிறம் மாறவில்லை என்றால் இரும்பு போய்விட்டது என்று அர்த்தம், நிறுத்திக்கொள்ளலாம். கையுறை கட்டாயம். முதல் தடவை ரிம்மின் உள்பக்கம் ஒரு ஓரத்தில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் இது தேவைப்படாது. அதனால் ஐந்து லிட்டர் கேன் வாங்குவது வீண், அரை லிட்டர் தாராளம்.

'வீல் கிளீனர்' என்ற பெயரை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. உள்ளே வெறும் சோப்பும் இருக்கலாம், அமிலமும் இருக்கலாம். அமிலம் இல்லாதது என்றும் பி.ஹெச். 7-ஐ ஒட்டியது (அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை) என்றும் லேபிளில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர் முகவரி, நிகர அளவு, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் ஆண்டு, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை அடைத்து விற்கும் பொருளில் சட்டப்படி இருக்க வேண்டும். ஒரு மில்லிக்கு எவ்வளவு என்ற யூனிட் விலையும் அச்சடித்திருக்க வேண்டும். இரண்டு பாட்டிலை ஒப்பிட அதைப் பாருங்கள், பாட்டிலின் உயரம் ஏமாற்றும்.

லேபிளே இல்லாத கேனில் 'அலாய் வாஷ்' என்று சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் திரவத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சக்கரம் கழுவ விற்கப்படும் அமிலக் கலவைகளில் ஃபுளோரைடு வகையும் உண்டு. தோலில் பட்டால் உடனே எரியாமல் உள்ளே இறங்கி, சில மணி நேரம் கழித்து வலியைத் தரும். உடம்பின் கால்சியத்தையே தாக்கும். வாட்டர் வாஷ் கடைகளில் கையுறைகூட இல்லாமல் வேலை செய்யும் பையன்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. உங்கள் வண்டியை விடும் இடத்தில் என்ன ஊற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால், "ஷாம்பு மட்டும் போடுங்க தம்பி" என்று சொல்லிவிடுங்கள். வீலுக்கும் நல்லது, அந்தத் தம்பிக்கும் நல்லது.

கேள்வி: சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கப் போனால் பில்லில் 'அலாய் வீல் ட்ரீட்மென்ட்' என்று தனியாக ஒரு தொகை. நான் கேட்கவே இல்லை. "பேக்கேஜில் வந்துவிட்டது, எடுக்க முடியாது" என்கிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன். திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: ஜாப் கார்டைத் தேடி எடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அந்த வேலை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் வாதாடுவது கடினம். இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுவானது.

முதலில் அந்த சர்வீஸ் சென்டருக்கும் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் பில், ஜாப் கார்டு படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன பொருள் பயன்படுத்தினார்கள், யார் அனுமதி கொடுத்தது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே தொகையைத் திருப்பிவிடுவார்கள் அல்லது அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. ஒரு வேலையைச் செய்துகொண்டால்தான் இன்னொன்றைச் செய்வோம் என்று கட்டிப்போடுவதைக் கட்டுப்படுத்தும் வணிக முறை என்றும், பில் தர மறுப்பதை முறைகேடான வணிகம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

அடுத்த முறை வண்டி விடும்போது ஜாப் கார்டிலேயே "இதில் உள்ளதைத் தவிர வேறு வேலைக்கு போனில் கேட்க வேண்டும்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அட்வைசர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: செராமிக் பேட் போட்டால் தூசியே வராது என்கிறார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். மாற்றலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 'வரவே வராது' என்பது விற்பனைப் பேச்சு. குறைவாக வரும், நிறமும் வெளிறி இருப்பதால் கண்ணில் படாது. இரும்பு அதிகம் கலந்த பேட் நன்றாகக் கடிக்கும், தூசியும் தள்ளும். இரண்டையும் எடைபோட்டுத்தான் கம்பெனி உங்கள் வண்டிக்கு ஒன்றைத் தேர்ந்திருக்கிறது. இருக்கும் பேட் தேய்ந்து மாற்றும் காலம் வரும்போது, பெயர் தெரிந்த தயாரிப்பாளர் உங்கள் மாடலுக்கென்றே செராமிக் பேட் விற்றால் யோசிக்கலாம். நல்ல பேடைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூசிக்காக மாற்றாதீர்கள். பேர் ஊர் தெரியாத மலிவு பேட் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பிரேக் விஷயத்தில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பேட் மாற்றும்போது கம்பிரசர் காற்றடித்துத் தூசியை ஊதினால் தடுத்துவிடுங்கள். எல்லோர் மூச்சிலும் அது போகும். நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்து மின்சார கார் வாங்க இருக்கிறேன். இந்தத் தொல்லை அதில் இருக்காதுதானே?
– வாசகி, சென்னை

பதில்: வெகுவாகக் குறையும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைப்பதால் பேடுக்கு வேலை கம்மி. ஐரோப்பாவில் யூரோ 7 விதிகள் முதன்முறையாக பிரேக் தூசிக்கே வரம்பு வைத்திருக்கின்றன. பெட்ரோல், டீசல், ஹைபிரிட் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். 2026 நவம்பர் இறுதியிலிருந்து அங்கே புதிய மாடல்களுக்கு இது நடைமுறை.

மின்சாரக் காரில் தொல்லை வேறு உருவத்தில் வரும். பிரேக் அதிகம் வேலை செய்யாததால் டிஸ்க் துருப்பிடிக்கும். சென்னையின் கடல்காற்றுக்கு அது இன்னும் சீக்கிரம். போக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின் சக்கரத்துக்கு மூடிய டிரம்மையே போட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலியான சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, அவ்வப்போது பிரேக்கை நன்றாக அழுத்தி மிதியுங்கள்.

கேள்வி: கழுவி நிறுத்தினால் மறுநாள் காலை டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறத் துரு. பயமாக இருக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வார்ப்பிரும்பு ஈரம் பட்டால் அப்படித்தான் ஆகும். மேலோட்டமான துரு, நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கழுவியதும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக பிரேக் போட்டு டிஸ்க்கை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். டிஸ்க்கில் எண்ணெய், டயர் பாலிஷ், டபிள்யூ.டி.-40 எதையும் தடவாதீர்கள், பிரேக் பிடிக்காமல் போகும். ஒரு வாரம் ஓட்டியும் துரு மறையாமல், தொடும்போது பள்ளம் தட்டுப்பட்டால் மட்டும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.