கேளுங்க சொல்றோம்: லியூபே பேண்டுக்குப் பின்னாடி யாரு?

கேள்வி: அண்ணே, எங்க ஆபீஸ்ல ஒரு ரஷ்யக்காரரு லஞ்ச் டைம்ல லியூபேங்கிற பேண்டு பாட்டையே போட்டுக்கிட்டு இருக்காரு. இதுக்கெல்லாம் மியூசிக் யாருண்ணே?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இகோர் மத்வியென்கோ தம்பி. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு! 1960ல மாஸ்கோவுல பொறந்தவரு, 1989ல லியூபேய ஆரம்பிச்சாரு, பாட்டு வரி ஷகானோவ், குரல் ரஸ்தோர்குயெவ், டியூனும் புரொடக்ஷனும் இவரு. அங்க புரொடியூசர்னா காசு போடுறவரு மட்டும் இல்ல, ஆளத் தேடிப் பிடிச்சு, பாட்டுப் போட்டு, குரூப்பையே உருவாக்குறவரு.

1994ல வந்த 'கோன்' பாட்டக் கண்டிப்பா கேளுங்க, கோன்னா குதிரை. ஒருத்தன் ராத்திரியில குதிரையோட வயல்வெளிக்குப் போறான், அவ்வளவுதான் கதை, ஆனா மொதல்ல ஒத்தக் குரல், அப்புறம் ஆம்பளைங்க கோரஸ் மெதுவா வந்து சேரும் பாருங்க, டிரம்ஸு கிட்டாரு எதுவுமே இல்லாம மனுஷக் குரல்லயே மொத்தப் பாட்டும் நிக்கும், எல்ஆர்டில ஹெட்போன் போட்டுக் கேட்டா எறங்குற ஸ்டேஷனே மறந்துடும்.

இவரேதான் 1995ல இவானுஷ்கி இன்டர்நேஷனல்னு பசங்க பாப் குரூப்பயும் கொண்டு வந்தாரு. அதுல முதல்ல இருந்த சோரின் 1998ல விலகி அதே வருஷம் இறந்துட்டாரு, பெரிய இழப்பு. 2002ல டிவி போட்டி மூலமா ஃபாப்ரிகா, கோர்னின்னு இன்னும் ரெண்டு குரூப்.

நம்ம உள்ளூர்ல டியூன் போடுற பசங்களும் இவர் வேலையக் கேக்கணும். உங்க ஆபீஸ்காரர்கிட்ட 'கோன்' போடச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு.