போலந்து கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

தொழிற்சங்கம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஐஎல்ஓ எனும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைத் துணைக்கு அழைத்திருந்தீர்கள். நமக்கு நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இருக்கும்போது ஜெனீவாவில் இருப்பவர்கள் ஏன் கேள்வி கேட்க வேண்டும்? அப்புறம் இறையாண்மை எதற்கு?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

போலந்து அரசும் 1984இல் இதையேதான் கேட்டது. சங்க உரிமைக்கான ஐஎல்ஓவின் 87ஆம் உடன்படிக்கையை 1957இல் அந்த நாடு தானாகவே ஏற்றிருந்தது. அரசு நிர்வாகம் தன் ஆணையால் ஒரு சங்கத்தைக் கலைக்கவோ முடக்கவோ கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. 1981 ஜூனில் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கத்தின் தலைவர் லெக் வலேசா போலந்துத் தொழிலாளர்களின் பிரதிநிதியாக ஐஎல்ஓவின் ஜெனீவா மாநாட்டுக்குப் போய் வந்தார். டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது, ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இருந்த சாலிடாரிட்டியை முடக்கினார்கள், வலேசாவோடு ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து அடைத்தார்கள், மறு ஆண்டு சட்டம் போட்டுச் சங்கத்தையே கலைத்தார்கள். பிற நாட்டுத் தொழிலாளர் பிரதிநிதிகள் புகார் கொடுக்க, ஐஎல்ஓ விசாரணைக் குழு உரிமை மீறல் நடந்திருக்கிறது என்றது. உடனே, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுகிறார்கள் என்று சொல்லி அமைப்பிலிருந்தே விலகுவதாக போலந்து நோட்டீஸ் கொடுத்தது. பின்னால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அது வேறு.

கையெழுத்துப் போட்டதும் அதே இறையாண்மைதானே? சரி, அந்த ஒரு கோடிப் பேர் போலந்துக்காரர்கள் இல்லையா?

மேற்கு நாடுகள் இதை அரசியலாக்கின என்றால் மறுக்கமாட்டேன். சாலிடாரிட்டிக்காகப் பேசிய பிரிட்டனின் தாட்சர் அரசு, அதே 1984 ஜனவரியில் ஜிசிஎச்கியூ என்ற தன் உளவு மையத்தின் ஊழியர்கள் சங்கத்தில் சேரக் கூடாது என்று தடை போட்டது. ஆனால் ஐஎல்ஓ அங்கேயும் தவறு என்றுதான் சொன்னது. தடை நீங்க 1997 ஆயிற்று.

இந்தியா 1919 முதல் உறுப்பினர், ஆனாலும் 87ஐ இன்னும் ஏற்கவில்லை. அரசு ஊழியர்களுக்கு அந்த உரிமைகளை முழுதாகக் கொடுக்க முடியாது என்று காரணம் காட்டுகிறார்கள். ஏற்காமல் இருப்பதற்கு நாட்டுக்கு உரிமை உண்டு. அது சரியான முடிவு என்று என்னால் சொல்ல முடியாது. நீதிமன்றம் இருக்கிறதே என்கிறீர்கள். 2003இல் தமிழகத்தில் வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களும் ஆசிரியர்களுமாக 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கியபோது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமையில்லை, தார்மீகமாகவும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்தான். ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் வேறு எங்கே போய் முறையிடுவது, நீங்களே சொல்லுங்கள்.