எல் நினோ என்றால் ஆடிப்பட்டக் கடலை அவ்வளவுதானா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் 3 ஏக்கர் மானாவாரி. "எல் நினோ வருது, மழை பொய்க்கும், வறட்சி தாங்கும் விதை இருக்கு, அதைப் போடுங்க" என்கிறார் விதைக்கடைக்காரர். எங்கோ கடல் சுட்டால் இங்கே மழை ஏன் குறைய வேண்டும்? நிலக்கடலை விதைக்கலாமா?

பதில்: விதைக்கலாம். விதையை மட்டும் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

கடல்நீர் எங்கே அதிகம் சூடாக இருக்கிறதோ, அங்கே காற்று லேசாகி மேலே போகும். அந்த இடத்துக்குச் சுற்றிலுமிருந்து காற்று ஓடிவரும். பசிபிக்கில் வழக்கமாக அது இந்தோனேசியா பக்கம். அதனால் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூட்டு நீரையும் மேற்கே ஒதுக்கி வைக்கும். நடுப் பசிபிக் சூடேறினால் இந்தக் காற்று தளரும்; தளர்ந்தால் சூட்டு நீர் இன்னும் கிழக்கே பரவும். சராசரியைவிட அரை டிகிரி கூடி, அது மாதக்கணக்கில் நீடித்தாலே எல் நினோ. அங்கே மேலேறிய காற்று நம் பக்கம் கீழிறங்கி மேகத்தை வளரவிடாது; தென்மேற்குக் காற்றும் வலுவிழக்கும்.

இது நாடு முழுமைக்குமான கணக்கு. அதுவும் எப்போதும் சரிவராது: 1997-ல் மிகப்பெரிய எல் நினோ, ஆனால் நாட்டில் பருவமழை இயல்பாகவே பெய்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்கோ கணக்கே வேறு. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பலமாக அடித்தால் நமக்கு மழை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மேகம் நம் தலைக்கு மேலே ஓடிவிடும். காற்று தளர்ந்தால்தான் பகல் வெயிலில் மேகம் நின்று வளர்ந்து, சாயங்காலம் இடியோடு இறங்கும். வடக்கே பருவமழை ஓய்ந்தது என்று செய்தி வரும் வாரத்தில் பாலக்கோட்டில் மழை கொட்டுவது இதனால்தான். தென்மேற்குக் காற்று வலுவிழந்தால் நமக்கு நஷ்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எல் நினோ ஆண்டில் ஐப்பசி மழை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். ஆனால் வானிலைத் துறையின் பருவமழை அறிவிப்பில் வருவது "இயல்பை ஒட்டி" என்ற இரண்டே சொல். அதை வைத்துக்கொண்டு ஏர் பூட்ட முடியுமா?

வானிலைத் துறையின் மேகதூது செயலியில் செவ்வாய், வெள்ளி வரும் ஐந்து நாள் கணிப்பைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குத் தேதி குறித்துத் தருகிறேன் என்று காசு வாங்கும் வாட்ஸ்அப் குழுவில் சேராதீர்கள். அப்படிச் சொல்ல யாராலும் முடியாது.

இனி விதை. எல் நினோவுக்கென்று ஒரு ரகமும் கிடையாது. எண்ணெய் மில்லுக்குப் போகவேண்டிய பருப்பைச் சாயம் ஏற்றிப் பையில் அடைத்து விதை என்று விற்பவர்கள் உண்டு. சான்று விதை என்றால் பையில் நீல அட்டை இருக்கும். அதிலுள்ள குவியல் எண்ணை (லாட் நம்பர்) போட்டு ரசீது கேளுங்கள். முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடம் காட்ட அதுதான் கையில் இருக்கும். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு போதும். வாங்கியதில் 100 பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள்; 70-க்குக் குறைவாக முளைத்தால் திருப்பிக் கொடுங்கள். தோல் உரிந்த, உடைந்த பருப்பைப் பொறுக்கி எறியுங்கள், நிலத்தில் அழுகத்தான் செய்யும்.

உழவு மழை பெய்த மறுநாள் மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். செம்மண் ஒரு சாண் ஆழம் நனைந்திருந்தால் விதையுங்கள். மேல்மண் ஈரத்தை நம்பிப் போட்டால் முளைத்த பிறகு காய்ந்துவிடும். ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை இருக்கட்டும். ஜூலை முடியும்வரை உழவு மழை வராவிட்டால் கடலையை விட்டுச் சாமைக்குப் போங்கள். அதுவும் தப்பினால் புரட்டாசியில் பையூர் 2 ரகக் கொள்ளு.

பயிர்க் காப்பீட்டில் காரீஃப் (தென்மேற்குப் பருவ) கடலைக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்தான். அடங்கல் (கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகத்தோடு நீங்களே போய்ப் பதியுங்கள், இடையில் ஆள் வேண்டாம். ரசீதில் சர்வே எண் சரிதானா என்று அங்கேயே நின்று பாருங்கள்.