மாணவர்கள் எழுதிய செயலி, பேராசிரியர் பெயரில்: உரிமை யாருக்கு?

கேள்வி: நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். ஆய்வகக் கருவிகளை முன்பதிவு செய்வதற்கான மொபைல் செயலி ஒன்றை நாங்கள் மூன்று மாணவர்களும் எங்கள் துறைப் பேராசிரியரும் சேர்ந்து உருவாக்கினோம். யோசனை அவருடையது, நிரல் முழுவதையும் நாங்கள்தான் இரவு பகலாக உட்கார்ந்து எழுதினோம். பெற்ற பிள்ளைகளைப் போல் எங்களைப் பார்த்துக்கொண்டவர், இப்போது அதைப் பிளே ஸ்டோரில் தம் பெயரில் மட்டும் வெளியிட்டு, ஒரு நிறுவனத்துக்கு விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "அதற்குத்தான் மதிப்பெண் போட்டுவிட்டேனே" என்கிறார். சர்வரின் அட்மின் கடவுச்சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது. செயலியை முடக்கிவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: பேராசிரியர் முன்பு பாசம் காட்டியதையும் இப்போது முகம் கொடுக்க மறுப்பதையும் நீதிமன்றம் பொருட்படுத்தாது. கண் விழித்த இரவுகளுக்கும் அங்கே கணக்கில்லை. உங்கள் விவகாரத்தில் சட்டப்படி எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலை தொடங்கியபோதும் நடந்தபோதும் நீங்கள் மூவரும் எந்தெந்தத் தாளில் கையெழுத்திட்டீர்கள்?

பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே தெளிவுபடுத்திவிட்டது. எனவே பேராசிரியரின் பங்கு யோசனையோடு நின்றிருந்தால், நிரலை எழுதிய நீங்கள் மூவருமே அதன் படைப்பாளர்கள். பிரிவு 19-இன்படி, கையெழுத்திட்ட எழுத்துமூல ஆவணம் இல்லாமல் அந்த உரிமை வேறொருவர் கைக்குப் போகாது. மதிப்பெண் அத்தகைய ஆவணம் ஆகாது.

இதைப் படித்தவுடன் வெற்றி உங்கள் பக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். உங்களில் யாரேனும் உதவித்தொகைக்காகத் திட்டப் பணியாளராக நியமன உத்தரவு பெற்றிருந்தால், எழுதியது பணியின் போக்கில் செய்த வேலை என்றும், பிரிவு 17-இன்படி அதன் முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே என்றும் எதிர்த்தரப்பு வாதிடும். கல்லூரியில் சேரும்போது படித்துப் பாராமல் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவத்திலும் அறிவுசார் சொத்து பற்றி ஒரு வரி இருக்கக்கூடும். பலரும் கவனிக்காத இன்னொரு விதியும் அதே பிரிவில் உள்ளது: சட்டமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்பு ஒன்றின் வழிகாட்டுதலிலோ கட்டுப்பாட்டிலோ உருவான படைப்பு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த அமைப்புக்கே சொந்தம். உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம் என்றால், நீங்கள் பேராசிரியர் மீது தொடுக்கும் வழக்கில் அவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சொல்லப்போகும் முதல் பதிலே, "இது என்னுடையதும் அல்ல, மாணவர்களுடையதும் அல்ல, பல்கலைக்கழகத்துடையது" என்பதாக இருக்கும். அவரும் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பதால் அந்தப் பதிலில் வலு உண்டு. இருவர் சண்டையில் மூன்றாமவர் உரிமையாளர் ஆகிவிடுவார்.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே பதற வைத்தது அந்த ஒரு வரிதான். சர்வரைத் தொடாதீர்கள். இதே நிலையில் என்னிடம் வந்த ஓர் இளைஞர், செயலியை நேரில் செய்துகாட்டும் நாளுக்கு முந்தைய இரவு தரவுத்தளத்தை முடக்கினார். தாம் எழுதியதைத் தாமே நிறுத்தியதாகவே கடைசிவரை நம்பினார். ஆனால் சர்வர் கணக்கு துறையின் பெயரில் இருந்தது, கட்டணத்தைத் துறைதான் செலுத்தியது. பராமரிப்புக்காகக் கொடுக்கப்பட்ட கடவுச்சொல், முடக்குவதற்கான அனுமதி ஆகாது. அனுமதியின்றித் தரவை அழிப்பதும், உரிமையுள்ளவருக்கு அணுகலை மறுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 பிரிவு 43-இல் வருகின்றன. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்ததாகக் காட்டினால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விடத்தக்க குற்றம்தான் என்றாலும், காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம். அந்த இளைஞரின் மடிக்கணினியைக் காவல்துறையினர் கைப்பற்றினார்கள். யார், எந்த வரியை, என்று எழுதினார் என்பதற்கான ஒரே பதிவு அதில்தான் இருந்தது. வாதியாக வர வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். பதிப்புரிமை வழக்கு தாக்கலாகவே இல்லை. அதே நிரலை வேறு பெயரில் வெளியிடும் எண்ணமும் வேண்டாம்: உரிமை பல்கலைக்கழகத்துடையது என்று முடிவானால், தெரிந்தே மீறியதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

இப்போது செய்ய வேண்டியது, கிட்ஹப் (நிரலைச் சேமித்து, யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் இணையதளம்) வரலாற்றையும் பேராசிரியருடன் நடந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல்களையும் எதையும் திருத்தாமல் பத்திரப்படுத்துவதே. பாரதிய சாக்ஷ்ய அதிநியமம், 2023 பிரிவு 63-இன்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் தேவை. அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிடப்பட வேண்டும் என்பதால், பிற்பாடு ஒரு வரியை மாற்றினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். கடவுச்சொல்லைத் துறைத்தலைவரிடம் எழுத்துமூலம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்து, வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். உங்கள் பலம் வழக்கில் இல்லை, விற்பனையில் இருக்கிறது. விவரமறிந்து வாங்கும் எந்த நிறுவனமும், நிரலை எழுதிய ஒவ்வொருவரின் கையெழுத்தையும் கேட்கும். அந்த மூன்று கையெழுத்துகள் இல்லாமல் பேராசிரியரால் விற்பனையை முடிப்பது கடினம். வழக்கிட்டாலும், அதன் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், அவசர இடைக்கால நிவாரணமும் கோராவிட்டால், வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் உங்களைச் சமரச மையத்துக்குத்தான் அனுப்பும். போகப்போகும் அந்த மேசைக்கு, விற்பனை முடியுமுன்பே போவது உங்களுக்கு லாபம். மூவரும் ஒன்றாகப் போக வேண்டும். ஒருவர் தனியாகக் கையெழுத்திட்டால் மற்ற இருவரின் பேரம் பாதியாகிவிடும்.

ஒப்பந்தத்தில் பங்குத் தொகையும் காலமும் நிலப்பரப்பும் தெளிவாக இருக்கட்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19. ஆனால் நிறுவனத்தின் வரைவில் "என்றென்றைக்கும், உலகெங்கும்" என்றே எழுதியிருக்கும், அதற்கேற்பத் தொகையைக் கேளுங்கள். படைப்பாளர் என்று பெயர் கோரும் உரிமை பிரிவு 57-இன்படி உரிமையை விற்ற பிறகும் உங்களிடமே தங்கும். செயலியின் அறிமுகப் பக்கத்தில் மூவர் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.